வில்வழி செல்லும் கை

குழையற்சோற்றுத் திரளையை ஆச்சியின் கையிலிருந்து வாங்கி உண்ணாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை எங்கள் தலைமுறையிலே அரிது. பழஞ்சோறும் எஞ்சிய கறிகளும் ஒரு சட்டியிலே சேரும். ஆச்சி சப்பாணி கட்டியிருந்து பிசைவார். நாங்கள் அரைவட்டமாகச் சூழ்ந்திருப்போம். முறை தவறாது ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு திரளை வந்து விழும். அந்தச் சோற்றின் சுவையைப் பேசாதவர் இலர். அதனைத் தந்த கை எவ்வாறு அசைந்தது என்று கேட்டால் விடை சொல்வார் அரியர். சென்ற ஆண்டுவரை நானும் அவருள் ஒருவனாகவே இருந்தேன்.

என்னிடம் நன்னூல் படித்த மாணாக்கன் ஒருவன் சென்ற ஆண்டு விடுமுறையிலே ஒரு மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தான். படிக்கும் நாளிலே கொப்பியின் ஓரமெல்லாம் படம் கீறி என்னிடம் ஏச்சு வாங்கியவன் அவன். இப்பொழுது அதுவே அவனுக்குத் தொழில். கார்ட்டூன் என்று பிள்ளைகள் சொல்லும் அசைவுச் சித்திரங்களைச் செய்கின்றான். அவனுடைய ஆச்சி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆச்சியின் ஒளிப்படங்கள் சில உண்டு. அசைகின்ற படம் ஒன்றேனும் இல்லை. தமையனாரின் பிள்ளைகள் கனடாவிலே பிறந்து வளர்பவர்கள், பூட்டியைக் கண்டறியாதவர்கள். அவர்களுக்குக் காட்டுதற்பொருட்டு, ஆச்சி குழையற்சோறு கொடுக்கும் காட்சியை நாற்பது விநாடிப் படமாகச் செய்திருந்தான். விநாடிக்கு 24 படம் என்ற கணக்கிலே 960 படங்கள்.

படத்தின் முகப்பிலிருந்த சில வரிகளைப் படித்து, "எழுத்திலே பிழையில்லைத் தம்பி" என்றேன்.

"எழுத்தைக் கேட்கேல்லை, ஐயா. கையைப் பாருங்கோ" என்றான்.

பார்த்தேன். முகம் ஆச்சியின் முகமே. சேலை, கொண்டை, காதிலே தோடு யாவும் பொருந்தியிருந்தன. கை மாத்திரம் பொருந்தவில்லை. சட்டியிலிருந்து பிள்ளையை நோக்கிச் சென்ற கை, அடிமட்டம் வைத்துக் கீறிய கோட்டின்மேற் செல்வதுபோலச் சென்றது. மடங்கிய முழங்கை, நசுக்கப்பட்ட குழாய்போல ஒடுங்கியது. திரளையை வைப்பதற்குக் கை புரண்டபோது மணிக்கட்டு, ரொபிக் கடதாசியின் முறுக்குப்போல இறுகியது. பிள்ளையின் உள்ளங்கையை எட்டும் தறுவாயிலே முழங்கை திடீரென்று வெட்டி நிமிர்ந்தது. ஆச்சியின் சேலையை உடுத்த ஒரு யந்திரம் சோறு கொடுத்தாற்போல இருந்தது.

"நாலு மாதமாய்ப் பார்க்கிறன், ஐயா. பிழை தெரியுது, ஏனெண்டு தெரியேல்லை" என்றான்.

கணினியைப் பற்றி எனக்கு ஏதும் தெரியாது. ஆயினும் இரண்டு பொருள் சேருமிடத்திலே நிகழும் விகாரங்களை முப்பது ஆண்டுகளாகப் படிப்பித்தவன் என்ற துணிவிலே, "இருந்து பார்ப்போம்" என்றேன். பிழைகள் பலவாயினும் அவற்றின் வேர் ஒன்றே என்பதைக் காண எங்களுக்கு மூன்று கிழமைகள் சென்றன.

வில்லும் நாணும்

வாசகர்கள் தம் முழங்கையை மேசையிலே ஊன்றி, முன்கையைப் படுக்கவைத்து, பின்னர் மெல்ல நிமிர்த்திப் பார்ப்பார்களாக. விரல் நுனி நேர்கோட்டிலே செல்வதில்லை. முழங்கையை மையமாகக் கொண்ட வட்டத்தின் காற்பங்கை அது வரைகின்றது. மூட்டிலே கட்டுண்ட எதுவும் வளைந்தே செல்லும். நேரே செல்வது எறிந்த கல்லுக்கும் இயலாத காரியம். கைக்கு எவ்வாறு இயலும்?

கையாற் படம் வரைந்து அசைவுச் சித்திரம் செய்த காலத்திலே, தேர்ந்த ஓவியர் முதன்மையான நிலைகளை மாத்திரம் வரைவார். அவற்றுக்கு இடைப்பட்ட படங்களை உதவியாளர் வரைந்து நிரப்புவர். படுத்த முன்கை ஒரு படம். நிமிர்ந்த முன்கை மற்றொரு படம். இவற்றுக்கு நடுப்படம் வரையப் புகுந்த உதவியாளன், இரண்டு விரல் நுனிகளையும் ஒரு கோட்டால் இணைத்து அதன் நடுப்புள்ளியிலே விரலை வைப்பானாயின் என்ன நிகழும்? பத்து அங்குல முன்கை, நடுவழியிலே ஏழு அங்குலமாகக் குறுகிவிடும். கேத்திரகணிதம் அறிந்த மாணவர் இதனைத் தாளிலே வரைந்து சரிபார்க்கலாம். திரையிலே பார்ப்பவனுக்கு அளவு தெரியாது. ஆயினும் கை உள்ளே இழுபட்டு மீண்டும் வெளியே வருவதுபோன்ற ஓர் அருவருப்புத் தோன்றும்.

வட்டத்தின் வளைவு வில். அதன் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு நாண். கை செல்ல வேண்டிய வழி வில்லின் வழி. சோம்பலுள்ளவன் செல்லும் வழி நாணின் வழி. நாண் குறுகியது, எளியது, கணக்குக்கு வசதியானது. ஆயினும் அவ்வழியே செல்லும் கை தன் உடலை இழக்கின்றது. அமெரிக்காவிலே வோல்ட் டிஸ்னியின் கூடத்திலே நெடுங்காலம் பணிபுரிந்த பிராங் தோமஸ், ஒலி ஜோன்ஸ்டன் என்னும் இருவர் 1981 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, இக்கலைக்குரிய பன்னிரண்டு விதிகளை வகுத்துக் கூறினர். வளைவு வழி செல்லுதல் அப்பன்னிரண்டனுள் ஒன்று.

பாவையின் மூட்டு

இவ்வுண்மையைச் சித்திரக்காரருக்கு முன்னரே அறிந்தவர்கள் பாவையாட்டுவோர். மரப்பாவையை நாணாற் கட்டி ஆட்டும் வழக்கம் திருக்குறளின் நாணுடைமை அதிகாரத்திலே உவமையாக வந்திருக்கின்றது. எங்கள் நாட்டிலே அம்பலாங்கொடைப் பகுதியில் வாழும் றூக்கட என்னும் நூற்பாவைக் கூத்தை 2018 ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. பாவையின் கையிலே கட்டிய நூல் மேல்நோக்கி இழுக்க மாத்திரமே வல்லது. அந்த இழுப்பை வளைவாக மாற்றித் தருவது மரத்துண்டுகளுக்கு இடையே உள்ள மூட்டு. மூட்டு இல்லையேல் பாவை தொங்கும் கட்டையே.

மூட்டைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஜேர்மனியிலே 1899 இற் பிறந்த லொட்டே ரைனிகர் என்னும் அம்மையார். கரிய அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் கத்தரிகோலால் வெட்டி, உறுப்புக்களைக் கம்பியாற் பிணைத்து, கீழே விளக்கெரியும் கண்ணாடி மேசையிலே கிடத்தி, அணுவணுவாக நகர்த்தி, மேலிருந்து ஒவ்வொரு படமாக எடுத்தார். ஆயிரத்தொரு இரவுக் கதைகளைத் தழுவி இளவரசன் அஹ்மத்தைப் பற்றி அவர் செய்த படம், மூன்று ஆண்டு உழைப்பின்பின் 1926 இல் வெளிவந்தது. இன்று எஞ்சியுள்ள முழுநீள அசைவுச் சித்திரங்களுள் மிகப் பழையது அதுவே.

வெட்டிய துண்டுகளை இணைப்பதிலே ஒரு நுட்பம் உண்டு. மேற்கையின் கீழ்நுனியையும் முன்கையின் மேல்நுனியையும் ஒரே அளவினவாகிய வட்டங்களாக வெட்ட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, இரண்டு வட்டங்களுக்கும் பொதுவான மையத்திலே ஆணியைக் குத்த வேண்டும். அப்பொழுது கை எந்தக் கோணத்திலே மடங்கினாலும் வட்டம் வட்டமாகவே நிற்கும், விளிம்பு பிளவாது. ஆணி மையத்திலிருந்து நெல்லளவு விலகினும் ஒருபுறம் இடைவெளியும் மறுபுறம் புடைப்பும் தோன்றும். இன்று கணினியிலே தட்டையான கார்ட்டூன் உருவங்களை அமைப்பவர்களும் முதலிற் கற்கும் பாடம் இதுவே. சீரான அசைவு என்பது அசைக்கும்போது பிறப்பதன்று. ஆணி குத்தும்போதே பிறந்துவிடுகின்றது.

முழங்கை போய் வந்த கதை

அமெரிக்கச் சித்திரக்காரர் 1920களிலே வேறொரு வழியைக் கண்டனர். மூட்டு வில்லங்கம் தருகின்றதாயின் மூட்டையே நீக்கிவிடுவோம் என்று துணிந்தனர். அக்காலத்துப் பூனைக்கும் எலிக்கும் முழங்கை இல்லை. தோட்டத்திலே நீர் பாய்ச்சும் இறப்பர்க் குழாய்போலக் கைகள் எங்கும் வளையும். இப்பாணியை வளர்த்தவர்களுள் பில் நோலன் என்பவர் பெயர் சிறப்பாகச் சொல்லப்படும். விரைந்து வரையலாம், சிரிப்பும் உண்டாகும். குழாய்க் கையினால் ஆடலாம், பாடலாம், அடிக்கலாம். ஆயினும் பாரம் தூக்கினாற் பாரம் தெரியாது. அணைத்தால் அணைப்புத் தெரியாது. என்பு இல்லாத கைக்கு வலி இல்லை. வலி இல்லாத கைக்குப் பரிவும் இல்லை.

மனித உருவங்களைக் கொண்டு நீண்ட கதை சொல்ல வேண்டும் என்று டிஸ்னி எண்ணியபோது குழாய்க் கை போதவில்லை. 1932 இலே டொன் கிரகாம் என்னும் ஓவிய ஆசிரியரை அழைத்துத் தம் சித்திரக்காரருக்கு உயிருள்ள மனிதரைப் பார்த்து வரையும் வகுப்பு நடத்துவித்தார். தொழிலிலே தேர்ந்தவர்கள் மீண்டும் மாணாக்கராக இருந்து தோளையும் முழங்கையையும் பார்த்து வரைந்தனர். 1937 இல் வெளிவந்த 'ஸ்னோ வைட்' அப்பயிற்சியின் பயன். முழங்கை திரும்பி வந்தது.

ஆயினும் குழாய்க் கையின் குழைவை முற்றும் இழக்க அவர்கள் விரும்பவில்லை. என்பும் வேண்டும், குழைவும் வேண்டும் என்றால் யாது செய்வது? அக்கூடத்திலே பணிபுரிந்த ஆர்ட் பாபிட் என்பவர் இதற்கு ஒரு முறை கண்டார். மூட்டுக்களை ஒரே கணத்தில் அசைக்காது, ஒன்றன்பின் ஒன்றாக மடக்குதலே அம்முறை. தோள் முதலிற் புறப்படும்; முழங்கை பின்தொடரும்; மணிக்கட்டு அதன்பின் வரும்; விரல்கள் கடைசியாக வந்து சேரும். ஒவ்வொன்றும் தன்னளவிலே நேரான துண்டுதான். வரிசையாக மடங்குவதனால் முழுமையும் நீரலைபோலக் குழைகின்றது. அவரிடம் பயின்ற ரிச்சர்ட் வில்லியம்ஸ் 2001 இல் வெளியிட்ட நூலினால் இம்முறை உலகெங்கும் பரவியது.

இதனைப் படித்துக் காட்டிய என் மாணாக்கன், "ஆச்சியின்ரை கையிலை எல்லா மூட்டையும் ஒரே நேரத்திலை புறப்பட வைச்சிட்டன், ஐயா" என்று தலையிலே தட்டிக்கொண்டான்.

என்பும் தோலும்

இனி, கணினியின் கதை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்திலே 1972 இல் மாணவராயிருந்த எட் கட்மல் என்பவர், தம்முடைய இடக்கையைப் பிளாஸ்டர் சாந்திலே அச்செடுத்தார். அவ்வுருவத்தின்மேல் சுமார் 350 சிறு முக்கோணங்களையும் பலகோணங்களையும் வரைந்து, அவற்றின் மூலைகளை அளந்து கணினிக்கு ஊட்டினார். பிரெட் பார்க் என்னும் நண்பரோடு சேர்ந்து அவர் செய்த அச்சிறு படத்திலே ஒரு கை விரல்களை மடக்கி நீட்டுகின்றது. அமெரிக்க அரசின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலே 2011 இல் அப்படம் சேர்க்கப்பட்டது. கணினியிலே அசைந்த முதல் உருவங்களுள் ஒன்று ஒரு மனிதனின் சொந்தக் கை என்பது நினைக்கத்தக்கது.

இன்று செய்யும் முறை வருமாறு. உருவத்தின் உள்ளே என்புகள்போலச் சில கோல்களை நிறுத்துவர். மேலே தோலாக ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கொண்ட ஒரு வலையைப் போர்த்துவர். ஒவ்வொரு புள்ளியும் எந்த என்பின் பின்னே செல்லவேண்டும் என்பதை எண்ணினாற் குறிப்பர். மேற்கையின் நடுவிலுள்ள புள்ளி முழுவதும் மேற்கை என்புக்கே உரியது. அதன் பங்கு 1. முன்கையின் நடுவிலுள்ளது முன்கை என்புக்கே உரியது. முழங்கையிலுள்ள புள்ளி யாருக்கு உரியது? ஒருவருக்கே முழுவதும் கொடுத்தால் தோல் மடிப்பின்றி முறிந்துவிடும். ஆதலால் இரண்டு என்புக்கும் பாதி பாதி. அதற்கு மேலே முக்காலும் காலும். கீழே காலும் முக்காலும். கைகளின் அசைவைப் பற்றி நாடியா மக்னெனா தல்மான் முதலியோர் 1988 இல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை இத்தகைய முறைக்கு முன்னோடிகளுள் ஒன்று.

இதனை அவன் விளக்கிக் கொண்டிருந்தபோது, "நில் தம்பி, இது புணரியல் அல்லவா?" என்றேன். கிளி என்னும் சொல்லும் அழகு என்னும் சொல்லும் சேருமிடத்திலே, இகரமும் அகரமும் நேரே மோதினால் நா இடறும். அங்கே ஒரு யகரம் தோன்றிக் கிளியழகு என்றாகின்றது. அந்த யகரம் கிளிக்கு உரியதன்று, அழகுக்கும் உரியதன்று. இரண்டுக்கும் இடையிலே இருந்து இரண்டையும் ஓருடம்பு ஆக்குகின்றது. உடம்படுமெய் என்று நம் முன்னோர் அதற்கு இட்ட பெயரின் அழகை அன்றுதான் முழுவதும் உணர்ந்தேன். மூட்டு என்பது இரண்டு நாடுகளின் எல்லையன்று. இருவரும் பங்குகொள்ளும் பொதுநிலம்.

அவன் சிரித்தான். "பங்கு சரியாய்த்தான் குடுத்திருக்கிறன், ஐயா. அப்படியும் நசுங்குது" என்றான்.

அப்பொழுதுதான் வில்லும் நாணும் மீண்டும் வந்தன. பாதிப் பங்குடைய புள்ளியைக் கணினி எங்கே வைக்கின்றது? மேற்கையோடு நின்றிருந்தால் அது இருக்கும் இடம் ஒன்று. முன்கையோடு திரும்பியிருந்தால் இருக்கும் இடம் மற்றொன்று. இரண்டையும் கூட்டி இரண்டாற் பிரித்து நடுவிலே வைக்கின்றது. அந்த நடு, வில்லின் நடுவன்று, நாணின் நடு. முன்கை 90 பாகை மடங்கும்போது, அப்புள்ளி மூட்டின் மையத்திலிருந்து தனக்குரிய தூரத்திலே பத்தில் ஏழு பங்களவே நிற்கும். அதனாலேயே முழங்கை ஒடுங்குகின்றது. கை தன் அச்சிலே 180 பாகை புரளுமாயின் நாணின் நடு அச்சின்மேலேயே விழும். சதை முழுவதும் ஒரு புள்ளியிலே இறுகிவிடும். ரொபிக் கடதாசி முறுக்கின் இரகசியம் இதுவே. அன்று உதவியாளன் செய்த அதே பிழையை இன்று யந்திரம் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை செய்கின்றது.

இதற்கு மருந்து ஒரு பழைய பாலத்திலிருந்து வந்தது. அயர்லாந்துக் கணிதப் பேரறிஞர் வில்லியம் ஹமில்டன் 1843 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆந் தேதி, மனைவியாரோடு டப்ளின் நகரக் கால்வாயோரம் நடந்து செல்கையில், நான்கு உறுப்புக்களைக் கொண்ட ஒருவகை எண்ணைக் கண்டார். மறந்துவிடுவேனோ என்று பாலத்துக் கல்லிலே அதன் வாய்பாட்டைக் கீறிவைத்தார். குவாட்டர்னியன் எனப்படும் அவ்வெண்களின் சிறப்பு, திரும்புதலை வில்வழியாகவே கணக்கிட வல்லவை என்பதாம். அவற்றின் விரிவை லாடிஸ்லாவ் கவன் முதலியோர் 2007 இல் தோல் போர்த்தும் வேலைக்குப் பயன்படுத்திக் காட்டினர். என் மாணாக்கன் பயன்படுத்தும் பிளெண்டர் என்னும் மென்பொருளிலே, கனவளவைப் பேணுக என்று ஆணையிட ஒரு சிறு கட்டம் உண்டு. அதனைத் தெரிவு செய்தால் இக்கணக்கு இயங்கும். அவன் தெரிவு செய்தான். நசுங்கிய முழங்கை நிறைந்தது. இம்மருந்துக்கும் ஒரு குணக்கேடு உண்டு. கூடுதலாக மடங்குமிடத்திலே தோல் சற்றுப் புடைக்கும். அங்கே பங்குகளைக் கையினாலே திருத்த வேண்டியிருந்தது.

மணிக்கட்டின் முறுக்குக்கு உடற்கூற்று நூலே வழிகாட்டியது. நாம் உள்ளங்கையைப் புரட்டும்போது புரள்வது மணிக்கட்டு மாத்திரம் அன்று. முன்கையிலே ஆரை, அரந்தி என இரண்டு என்புகள் உள்ளன. ஆரை என்பு அரந்தியின் மேலாகக் குறுக்கே உருள்கின்றது. ஆகவே திருப்பம் முன்கை நெடுகிலும் பரவுகின்றது. முழங்கையருகே சிறிதும், நடுவிலே பாதியும், மணிக்கட்டிலே முழுமையுமாக அத்திருப்பத்தைப் பங்கிடச் சில துணைக் கோல்களை முன்கையினுள்ளே அவன் வைத்தான். ஒரே இடத்திலே இறுகியிருந்த முறுக்கு மறைந்தது.

அரை அங்குலம்

எஞ்சியவை இரண்டு பிழைகள். கை நேர்கோட்டிலே செல்லுதல் ஒன்று; எட்டுந் தறுவாயிலே முழங்கை வெட்டுதல் மற்றொன்று.

கணினியிலே கையை அசைக்க இரு நெறிகள் உண்டு. தோளைத் திருப்பி, பின் முழங்கையைத் திருப்பி, பின் மணிக்கட்டைத் திருப்பிச் செல்வது ஒருநெறி. இந்நெறியிலே கை தானாகவே வில்வழி செல்லும். உள்ளங்கையை வேண்டிய இடத்திலே வைத்துவிட்டு, அதற்கேற்ப முழங்கையும் தோளும் எவ்வாறு மடங்கவேண்டும் என்பதைக் கணினியையே கண்டுபிடிக்கச் செய்வது மற்றநெறி. மேசையைப் பற்றி நிற்பதற்கும் சுவரிலே கையூன்றுவதற்கும் இது மிகவும் உதவும். ஆனால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கையை நகர்த்தினால் அது நாண்வழியே நேரே செல்லும். என் மாணாக்கன் இரண்டாம் நெறியை மேற்கொண்டிருந்தான். சட்டி ஒரு புள்ளி, பிள்ளையின் கை மற்றொரு புள்ளி, இடையிலே ஒரு நேர்கோடு.

முழங்கை வெட்டுதற்குக் காரணம் கேட்டேன். கை முழுவதும் நீண்டுவிடுவதனால் என்றான். நம்பாமற் கணக்கிட்டேன். மேற்கை பத்து அங்குலம், முன்கை பத்து அங்குலம் எனக் கொள்வோம். கை பாதி மடங்கி, தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடைத்தூரம் 15 அங்குலமாய் இருக்கும்போது, அதனை அரை அங்குலம் உள்ளே இழுத்தால் முழங்கை ஏறக்குறைய 4 பாகை மடங்கும். அதே கை 20 அங்குலமும் நீண்டு விறைத்து நிற்கும்போது அரை அங்குலம் இழுத்தால் முழங்கை ஏறக்குறைய 26 பாகை மடங்குகின்றது! ஒரே அரை அங்குலம். ஒன்று அசைவு, மற்றது அதிர்ச்சி. ஆகவே முழுவதும் நீளாத கையே அமைதியான கை என்பது கணக்கின் முடிபு.

"ஆச்சியின் கை முழுவதும் நீண்டதா?" என்று கேட்டேன். அவனுக்கு நினைவில்லை. எனக்கும் என் தாயாரின் கை நினைவில்லை. முகம் நினைவிருக்கின்றது, குரல் நினைவிருக்கின்றது, ஆயிரம் முறை சோறு தந்த கையின் வழி நினைவில்லை. அன்றிரவு அது என்னை வருத்தியது.

மறுநாள் இருவரும் என் தமக்கையார் வீட்டுக்குச் சென்றோம். அவர் அம்மாவுக்கு அருகேயிருந்து பழகியவர். பேரப்பிள்ளைகளை இருத்திக் குழையற்சோறு கொடுக்கும்படி கேட்டோம். "பண்டிதருக்குப் பசிக்குதோ?" என்று சிரித்துக்கொண்டே பிசைந்தார். நாங்கள் கையையே பார்த்திருந்தோம்.

திரளையை எடுத்ததும் முதலில் அசைந்தது கையன்று. உடல் முன்னே சிறிது சாய்ந்தது. அதன்பின் தோள் சென்றது. முழங்கை விலாவை விட்டு அதிகம் விலகவில்லை. முன்கை கீழிருந்து மேலெழுந்து வளைந்து இறங்கியது. மணிக்கட்டு அதன்பின்னே தொங்கி வந்தது. விரல்கள் எல்லாவற்றுக்கும் கடைசியாக விரிந்தன. கை ஒருபோதும் முழுவதும் நீளவில்லை. எட்டாத அந்த அரை அங்குலத்தைக் கடந்து வந்தது பிள்ளையின் கை.

என் மாணாக்கன் கொப்பியை எடுத்து வேகமாக ஏதோ கீறினான். இம்முறை நான் ஏசவில்லை.

அதன்பின் அவன் கையை முதல் நெறிக்கு மாற்றினான். தோட்பட்டைக்கும் ஒரு கோலைச் சேர்த்தான். மூட்டுக்கள் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று படம் பிந்திப் புறப்படச் செய்தான். பிள்ளையின் கையை முன்னே நீட்டி வைத்தான். புதிய யந்திரம் எதுவும் வாங்கவில்லை. பிளெண்டர் 2002 முதல் எவரும் பொருளின்றிப் பெற்றுப் பயன்படுத்தத்தக்க கட்டற்ற மென்பொருளாக உள்ளது. லாத்வியா என்னும் சிறிய நாட்டைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ் அதனைக் கொண்டே 2024 இல் 'ஃப்ளோ' என்னும் படத்தைச் செய்து முடித்தார். அப்படம் 2025 இல் ஒஸ்கார் விருது பெற்றது. ஆகவே பொருள் இல்லை என்று நாம் சொல்ல வழியில்லை.

நம் பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூன்களிற் பெரும்பாலானவை பிறநாட்டிலே செய்யப்பட்டுத் தமிழ்க்குரல் மாத்திரம் ஏற்றப்பட்டவை. குரல் நம்முடையது, கை நம்முடையதன்று. நெற்றியிலே நீறிடும் கைக்கும், உரலிலே மா இடிக்கும் கைக்கும், கவளம் உருட்டும் கைக்கும் தனித்தனி வழிகள் உண்டு. அவை எந்த நூலிலும் எழுதப்பட்டில. அறிந்த முதியோர் இருக்கும்போதே இளையோர் அருகிருந்து பார்த்துக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஆசிரியராகிய நாம் கொப்பியோரத்துப் படங்களை அழிப்பிக்குமுன் ஒருகணம் பார்த்தல் வேண்டும். என் வகுப்பிலே இப்பொழுது புணரியல் தொடங்கும் நாளன்று, சூத்திரத்துக்கு முன்னர் மாணாக்கரை முழங்கை மடக்கிப் பார்க்கச் சொல்கின்றேன்.

படம் முடிந்த அன்று மாலை அதனை முதலிற் பார்த்தவர் மாணாக்கனின் தந்தையார். அந்த ஆச்சியின் மகன். கடற்றொழில் செய்து காய்த்த கையினர், அதிகம் பேசாதவர். நாற்பது விநாடியும் அசையாது பார்த்தார். படம் நின்றது. நன்று என்றோ தீது என்றோ அவர் சொல்லவில்லை.

"இன்னொருக்காப் போடு" என்றார்.